தூண்டில் கோலுக்குள் ஒரு ரப்பர் இழை
இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

கல்லூரி மலருக்கு அறிவியல் கட்டுரை எழுதுங்கள் என்றால் விண்வெளி, அணுசக்தி, கருந்துளை என்று எழுதுவதே நம்மிடையே வழக்கம். நானோ தூண்டிலைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். முகம் சுளிக்க வேண்டாம். முதலாண்டுச் செய்முறை வகுப்பில் கம்பியைத் தொங்கவிட்டு யங் குணகம் கண்டோமே, அந்தப் பாடத்துக்கும் இந்தத் தூண்டிலுக்கும் உள்ள உறவு மிக நெருங்கியது. அதோடு, இதில் தலைமைப் பாத்திரம் ஏற்கும் பொருள் எங்கள் வீட்டு அடுப்பை எரிய வைக்கும் பொருள். என் தந்தையார் குமரி மாவட்டத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால் வெட்டும் தொழிலாளி. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய், 300 மரங்களுக்கு மேல் வெட்டிவிட்டு வருபவர். அந்தப் பால் எங்கெங்கோ போய் என்னென்னவோ ஆகிறது. டயர் ஆகிறது, கையுறை ஆகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். தூண்டில் கோலுக்குள் ஓர் இழையாகவும் ஒளிந்திருக்கிறது என்பது எனக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை தெரியாது.

இங்கிலாந்தில் ஒரு பண்டகசாலையில் வேலை பார்க்கும் என் அத்தான் விடுமுறைக்கு வந்தபோது, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் 4 மீட்டர் தூண்டில் கோல் ஒன்றையும், ஒரு சிறு பொட்டலத்தில் ரப்பர் இழை, வெள்ளை நிறப் புஷ் இரண்டு, கூம்பு வடிவத் தக்கை ஒன்று ஆகியவற்றையும் கொண்டுவந்து கொடுத்தார். "நீதானே பிசிக்ஸ் படிக்கிற, இதை மாட்டு பாப்போம்" என்றார். மாட்டினேன். மாட்டும்போது கற்றதையும், அதற்காகப் படித்ததையுமே இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்தத் தூண்டில் எத்தகையது என்று சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்து, பிரான்சு, பெல்ஜியம், இத்தாலி முதலிய நாடுகளில் கால்வாய்களிலும் ஏரிகளிலும் தூண்டில் போடுவது ஒரு பொழுதுபோக்கு; போட்டியும்கூட. குறித்த நேரத்துக்குள் யார் அதிக எடை மீன் பிடிக்கிறாரோ அவருக்கே வெற்றி. பிடித்த மீனைத் தண்ணீருக்குள் தொங்கும் வலைப்பையில் உயிரோடு வைத்திருந்து, எடை போட்டபின் நீரிலேயே விட்டுவிடுவார்கள். "விட்டுருவாங்களா? பின்ன எதுக்குப் பிடிக்கணும்?" என்று என் தாயார் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் மீனை உயிரோடும் காயமின்றியும் திருப்பி விட வேண்டும் என்ற அந்தக் கட்டாயம்தான் நாம் பேசப்போகும் கருவிக்கு இவ்வளவு நுட்பத்தைக் கொடுத்திருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

இதற்கு ஆங்கிலத்தில் 'போல்' என்று பெயர். நம் ஊர்க் குளத்தங்கரையில் சிறுவர்கள் பிடித்திருக்கும் மூங்கில் தூண்டிலுக்கு அண்ணன் முறை என்று வைத்துக்கொள்ளலாம். இதில் ரீல் கிடையாது. நரம்பு கோலின் நுனியிலேயே கட்டப்பட்டிருக்கும். 8 மீட்டர் முதல் 16 மீட்டர் வரை நீளம் உண்டு. உலகப் போட்டிகளில் 13 மீட்டருக்கு மேல் அனுமதி இல்லை. இத்தனை நீளக் கோலை யார் தூக்குவது என்று கேட்கலாம். ஒரு காலத்தில் லண்டனை ஒட்டிய தேம்ஸ், லீ ஆறுகளில் மூங்கில் கோல்களையே பயன்படுத்தினார்கள், அவை கனத்தவை. 1963-இல் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் உள்ள அரசு விமான ஆராய்ச்சி நிலையத்தில் உறுதிமிக்க கார்பன் இழை செய்யும் முறையைக் கண்டார்கள். விமானத்துக்காகக் கண்டது பின்னர் தூண்டிலுக்கும் வந்து சேர்ந்தது. இன்று நல்ல 13 மீட்டர் கோல் ஒன்றின் எடை ஒரு கிலோவுக்கும் குறைவு.

நான்கைந்து மீட்டர் நீளமே உள்ள மெல்லிய தம்பிக்கு 'விப்', அதாவது சாட்டை என்று பெயர். அதன் நுனி வாரியல் ஈர்க்கு மாதிரி வளையும். சிறு மீன்களை ஒன்றன்பின் ஒன்றாக வேகமாகத் தூக்கிப் போட அது போதும். சாதாரணமாக அதற்கு ரப்பர் வேண்டியதில்லை. பெரிய மீன் வரும் நீரில் சாட்டையைப் பயன்படுத்துகிறவர்கள் மட்டும் அதற்குள்ளும் இழை போடுவதுண்டு. அத்தான் கொடுத்தது அத்தகைய சாட்டைதான்.

இனி, ரப்பர் எதற்கு? மூங்கில் வளையும், கார்பன் கோலோ விறைத்து நிற்கும். எடை குறைந்தது, விறைப்பு கூடியது என்பது அதன் பெருமை. ஆனால் மீன் திடீரென்று ஓடும்போது அந்தப் பெருமையே தொல்லையாகிவிடுகிறது. ரீல் உள்ள தூண்டிலில் நரம்பை விட்டுக் கொடுக்கலாம். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ எடையுள்ள மீன் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதன் இயக்க ஆற்றல் 2 ஜூல். நரம்பு நீள்வதாலும் நுனி வளைவதாலும் மொத்தம் 5 சென்டிமீட்டர்தான் இடம் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், விசை சீராக உயர்கிறது என்ற கணக்கில் அதன் உச்சம் 80 நியூட்டன். அதாவது ஏறக்குறைய 8 கிலோ எடை. போட்டிகளில் முள்ளுக்கு மேல் கட்டும் மெல்லிய நரம்போ ஒரு கிலோ இழுவைக்கே அறுந்துவிடும். அதே மீனை 2 மீட்டர் தொலைவில் நிறுத்தினால் உச்ச விசை 2 நியூட்டன்தான். 200 கிராம்! மீன் அதே மீன், ஆற்றல் அதே ஆற்றல். நிறுத்துகிற தூரத்தைக் கூட்டியதால் விசை நாற்பதில் ஒரு பங்காகிவிட்டது. ஓடிவரும் குழந்தையைப் பிடிக்கும் தாய் இரண்டடி பின்வாங்கிக்கொண்டே பிடிப்பாள் அல்லவா, அதுவேதான்.

இந்தக் கணக்கு முழு உண்மையல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். மீன் வீசி எறிந்த கல் அன்று. வாலை அடித்துக்கொண்டே இருக்கும். ஆகவே ரப்பர் இழையின் வேலை முதல் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதோடு முடிவதில்லை. மீன் ஓட ஓட இழுவையைச் சிறிது சிறிதாகக் கூட்டி அதைக் களைப்படையச் செய்வதும், மீன் திரும்பி வரும்போது நரம்பு தளராமல் சுருக்கிக் கொள்வதும் அதன் வேலையே.

இந்த மூன்றையும் ஒரு கம்பிச்சுருளால் செய்ய முடியாதா என்று வகுப்பில் ஒரு நண்பர் கேட்டார். எஃகின் யங் குணகம் சதுர மீட்டருக்கு சுமார் 2 லட்சம் மெகா நியூட்டன். ரப்பருக்கு அது ஒன்றிரண்டு மெகா நியூட்டன் அளவில்தான். தன் நீளத்தைப்போல் ஐந்து மடங்கு நீண்டும் பழைய நிலைக்குத் திரும்பும் பொருள் நம் கைக்கு எட்டிய வரையில் ரப்பர்தான். மேலும் அது ஹூக்கின் விதிக்குக் கட்டுப்பட்ட நல்ல பிள்ளையும் அன்று. எடையை ஏற்றிக்கொண்டே போய் வரைபடம் போட்டால் நேர்கோடு வராது; முதலில் விறைப்பாகவும், நடுவில் இளகியும், கடைசியில் மறுபடி விறைத்தும் எஸ் என்ற ஆங்கில எழுத்தைப்போல் வளையும். எடையை இறக்கிக்கொண்டே வரும்போது அதே பாதையில் திரும்பாது. சற்றுக் கீழாகவே வரும். இரண்டு கோடுகளுக்கும் இடைப்பட்ட பரப்புத்தான் வெப்பமாகப் போகும் ஆற்றல். இந்தச் சோதனையை நம் ஆய்வகத்தில் எடைத்தட்டைக் கொண்டே செய்து பார்க்கலாம். அரைமணி நேரம்கூட ஆகாது. இழுத்ததையெல்லாம் திருப்பிக் கொடுக்கும் எஃகுச் சுருளாக இருந்தால் மீன் களைத்த நொடியில் அதைச் சுண்டிவிடும். ரப்பரோ வாங்கியதில் ஒரு பங்கைத் தானே வைத்துக்கொள்கிறது. மீனுக்கும் அது நல்லது.

இந்த வெப்பத்தைப் பற்றி ஒரு செய்தி. இங்கிலாந்தின் கெண்டல் ஊரைச் சேர்ந்த ஜான் காஃப் என்பவர் ரப்பர்த் துண்டை உதட்டில் வைத்துக்கொண்டு சட்டென்று இழுத்தால் அது சூடாவதையும், விட்டால் குளிர்வதையும் கண்டு 1805-இல் வெளியிட்டார். அவருக்குக் குழந்தைப் பருவத்திலேயே அம்மை நோயால் பார்வை போய்விட்டது. கண்ணால் பார்க்க முடியாதவர் உதட்டால் கண்டுபிடித்தார். பின்னர் 1859-இல் ஜூல் அதை அளந்து உறுதிப்படுத்தினார். நல்ல அகலமான ரப்பர் வளையம் ஒன்றை எடுத்து நீங்களும் உதட்டில் வைத்துப் பாருங்கள்.

காஃப் வைத்திருந்தது கந்தகம் கலக்காத பச்சை ரப்பர். வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் கந்தகத்தோடு சூடாக்கும் முறையைக் கண்ட பிறகுதான் அது நம்பத்தக்க பொருளாயிற்று. 1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். அவற்றில் முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி அதே ஆண்டு இலங்கைக்குக் கப்பலேறியது. கிழக்கு நாடுகளில் ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தது அதன்பின் நடந்த கதை.

மரத்திலிருந்து சிரட்டையில் வடியும் பாலில் ரப்பர் நூற்றுக்கு 30 முதல் 40 பங்குதான். மீதி பெரும்பாலும் தண்ணீர். இதைச் சுழலும் எந்திரத்தில் இட்டு, மோரைக் கடைந்து வெண்ணெய் எடுப்பதைப்போல், 60 பங்கு செறிவுள்ள பாலாக்குகிறார்கள். உறையாமல் இருக்க அம்மோனியா சேர்க்கிறார்கள். இழை செய்வதற்கு இந்தப் பாலோடு கந்தகம் முதலியவற்றைக் கலந்து, மெல்லிய கண்ணாடிக் குழாய்களின் வழியே அசிட்டிக் அமிலத் தொட்டிக்குள் பீய்ச்சுவார்கள். அமிலம் பட்டதும் பால் நூலாக உறையும். இடியாப்பம் பிழிவதை நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு கழுவி, உலர்த்தி, சூடேற்றினால் இழை. தந்தையார் அந்தப் பொட்டலத்து இழையை இரண்டு விரலில் பிடித்து இழுத்துப் பார்த்தார். "எந்த நாட்டு மரத்துப் பாலோ, நல்ல பாலு" என்று மட்டும் சொன்னார்.

இழைகளுக்கு எண் இட்டிருப்பார்கள்: 4, 6, 8, 10 என்று 20 வரை. எண் கூடக் கூட இழை தடிக்கும். இந்த எண் மில்லிமீட்டரும் அன்று, கிலோவும் அன்று. ஒரு கம்பெனியின் 8-உம் இன்னொரு கம்பெனியின் 8-உம் ஒன்றாக இருக்க வேண்டுமென்பதில்லை. உள்ளங்கை அளவு மீனுக்கு 4 அல்லது 6 போதும். கிலோக்கணக்கில் வரும் கார்ப் கெண்டைக்கு 12-க்கு மேல் வேண்டும். விட்டம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காவதால் விசையும் நான்கு மடங்காகும் என்பதை நாம் அறிவோம். பலர் மறந்துவிடுவது நீளத்தைத்தான். அதே இழையை 1.5 மீட்டர் நீளத்துக்குப் போட்டால் ஒரு விறைப்பு. 3 மீட்டருக்குப் போட்டால் அதில் பாதி. ஆகையால் கோலின் நுனியில் இரண்டு துண்டுகளுக்குள் மட்டும் இழை ஓடுகிறதா, மூன்று துண்டுகளுக்குள் ஓடுகிறதா என்பதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வதில் பொருளில்லை. ஒற்றை இழையாக இல்லாமல் உள்ளே துளையுள்ள குழல் இழைகளும் பிற்காலத்தில் வந்துள்ளன. அவை இன்னும் கூடுதலாக நீளும்.

இப்போது மாட்டும் வேலை. பாகங்கள் நான்குதான். கோலின் நுனியில் புஷ், உள்ளே இழை, இழையின் அடிமுனையைப் பிடித்துக்கொள்ளும் கூம்புத் தக்கை, நுனியில் இழையையும் நரம்பையும் சேர்க்கும் சிறு கனெக்டர். இவற்றில் பாதி வெற்றி புஷ்ஷில்தான் இருக்கிறது. ஆகவே அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புஷ் என்பது டெஃப்லானால் ஆன சிறு குழாய். தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அதே பொருள். கோலின் நுனித்துளைக்குள் செருகுவது ஒரு வகை, வெளியே தொப்பிபோல் மாட்டுவது இன்னொரு வகை. மீன் எப்போதும் கோலின் நேர்திசையில் ஓடுவதில்லை. பெரும்பாலும் கோலுக்குச் செங்குத்தாகவே இழுக்கும். அப்போது இழை நுனியில் 90 பாகை திரும்பி வளைகிறது. கப்பிக்கட்டையில் கயிறு சுற்றினால் இழுவிசை மடங்கு மடங்காக மாறும் சூத்திரத்தை இயக்கவியலில் படித்திருக்கிறோம். உராய்வுக் குணகம் 0.5 என்று கொண்டால், 90 பாகை வளைவில் இரண்டு பக்க இழுவிசைகளின் விகிதம் சுமார் 2.2 ஆகிறது. குணகம் 0.1 ஆனால் அதே விகிதம் 1.17தான். இதன் பொருள் என்ன? சொரசொரப்பான நுனியில், மீன் ஓடும்போது உள்ளே இருக்கும் இழுவையைப்போல் இரு மடங்குக்கு மேல் நரம்பில் ஏறும். மீன் திரும்பும்போதோ நரம்பில் பாதிகூட இராது. முந்தியதில் நரம்பு அறும். பிந்தியதில் நரம்பு தளர்ந்து முள் கழன்று விழும். அந்த நாட்டுப் பல மீன்பண்ணைகளில் மீனுக்குக் காயம் குறைய வேண்டும் என்று எதிர்க்கொக்கி இல்லாத முள்ளையே அனுமதிக்கிறார்கள். அத்தகைய முள்ளுக்கு ஒரு நொடித் தளர்வு போதும். ஆகவே அந்தச் சிறு வெள்ளைக் குழாய் அலங்காரத்துக்கு வைத்ததன்று.

அடுத்து, எந்த அளவுத் துளையுள்ள புஷ்? இழை நீண்டிருக்கும்போது மெலிந்து எளிதாகப் போய்வருகிறதே என்று பார்த்து முடிவு செய்யக் கூடாது. ரப்பரை இழுத்தால் அதன் கன அளவு ஏறக்குறைய மாறுவதில்லை. நீளம் நான்கு மடங்கானால் குறுக்குப் பரப்பு கால் பங்கு, விட்டம் பாதி. திரும்பி வரும்போது என்ன நடக்கிறது? இழை தன் முழுப் பருமனை அடைவதும், அதை உள்ளே இழுக்கும் விசை மிகக் குறைந்து போவதும் ஒரே நேரத்தில் நேர்கின்றன. கடைசி ஒரு சாண் தூரத்தில்தான் சிக்கல். எனவே இழுக்காத இழையின் விட்டத்தைவிடத் தாராளமான துளை உள்ள புஷ்ஷைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அதை மாட்டுவதற்குக் கோலின் நுனியைச் சிறிது வெட்ட வேண்டியிருக்கும். நுனி போகப்போகக் குறுகுவதால், புஷ் பொருந்தும் இடம் வரை பின்னுக்கு வர வேண்டும். சாட்டைக் கோலாக இருந்தால் நுனித்துண்டு உள்ளே துளையே இல்லாத கட்டி ஈர்க்கு. அதை முழுவதும் நீக்கிவிட்டு அடுத்த குழல் துண்டிலிருந்து தொடங்க வேண்டும். வெட்ட வேண்டிய இடத்தில் ஒட்டுநாடாவை இறுகச் சுற்றி, மெல்லிய பல்லுள்ள ஹேக்ஸா பிளேடால், கோலை உருட்டிக்கொண்டே அறுக்க வேண்டும். ஒரே பக்கமாக அறுத்தால் இழைகள் பிளந்து சிம்பு எழும். ஒரே மூச்சில் அறுக்காமல் அரை சென்டிமீட்டர் அரை சென்டிமீட்டராக அறுத்து, ஒவ்வொரு தடவையும் புஷ்ஷை வைத்துப் பார்ப்பது நல்லது. வெட்டியதை ஒட்ட வைக்கும் வித்தை எந்தக் கடையிலும் கிடைக்காது. பிறகு நீர்த்தாளால், அதாவது தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளால், விளிம்பை மழுக்க வேண்டும். உலர்ந்த தாளால் தேய்த்தால் கார்பன் தூசி மூக்கில் ஏறும், தோலில் அரிக்கும். மூக்கில் ஒரு துணியைக் கட்டிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எல்லாம் முடிந்தபின் ஒரு பஞ்சு நூலைப் புஷ்ஷுக்குள் விட்டு இழுத்துப் பாருங்கள். நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே பிசிறு இருக்கிறது. பஞ்சு நூலுக்குத் தடங்கலான இடம் ரப்பருக்குக் கத்தி.

தக்கை கூம்பு வடிவில் இருக்கும். இழை ஓடும் கடைசித் துண்டின் அடியில், வாயிலிருந்து ஐந்தாறு சென்டிமீட்டர் உள்ளே போய் இறுகி நிற்கும்படி அதைச் சீவிக்கொள்ள வேண்டும். வாயிலேயே நின்றால் அடுத்த துண்டோடு இணைக்க முடியாது. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கோலில் இது இன்னும் முக்கியம். தக்கை இம்மியளவு வெளியே நீட்டினாலும் துண்டு உள்ளே போகாது.

இழையை உள்ளே விடுவதற்கென்று நீண்ட மெல்லிய கம்பி ஒன்று அங்கே விற்கிறார்கள். நம்மிடம் அது இல்லை. தடித்த தங்கூசி நரம்பு போதும். நுனிப் புஷ் வழியாக உள்ளே தள்ளினால் அதன் விறைப்பாலேயே அடிவரை போய் எட்டிப் பார்க்கும். அதன் முனையில் ரப்பர் இழையைக் கட்டி மேலே இழுத்தால் வேலை முடிந்தது. இழையின் அடிமுனையை அதற்கு முன்பே தக்கையில் கட்டியிருக்க வேண்டும். தக்கையின் கழுத்தில் இரண்டு மூன்று சுற்று இழையைக் கூடுதலாகச் சுற்றி வைத்துக்கொண்டால் பின்னர் கூட்டவோ குறைக்கவோ வசதி.

இனி இழுவிசையைச் சரிசெய்வது. புது இழையை நேராக மாட்டிவிடக் கூடாது; முதலில் பத்துப் பதினைந்து தடவை நன்றாக இழுத்து விட வேண்டும். முதல் இழுப்பில் இருக்கும் விறைப்பு இரண்டாம் இழுப்பில் ரப்பருக்கு இருப்பதில்லை. இதற்கு முல்லின்ஸ் விளைவு என்று பெயர். இழுக்காமல் மாட்டினால் நாம் வைத்த அளவு மறுநாளே மாறிவிடும். இழுத்துப் பழக்கியபின், புஷ்ஷுக்கு வெளியே ஒரு சாண் இழையை இழுத்து, அங்கே கனெக்டரைக் கட்டி, மிச்சத்தை நறுக்கிவிட்டு, மெதுவாக விட வேண்டும். கனெக்டர் வந்து புஷ்ஷின் மேல் 'டிக்' என்று உட்கார வேண்டும். அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைத் தேர்வு முடிவின் மகிழ்ச்சியோடு ஒப்பிட்டால் என் பேராசிரியர்கள் கோபிக்கலாம். கனெக்டர் புஷ்ஷிலிருந்து தளர்ந்து தொங்கினால் தக்கையில் இன்னும் இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். மிகவும் இறுக்கி வைத்தாலும் பயனில்லை. முதலிலேயே இறுகிய இழை சிறு மீனின் இழுப்புக்கு அசையாது. ரப்பர் போட்டதும் போடாததும் ஒன்றுதான். மீட்டர்க்கணக்கில் இழுத்துவிட்டும், கோலுக்குச் செங்குத்தாக இழுத்துவிட்டும் சோதிக்க வேண்டும். செங்குத்துச் சோதனையைத்தான் பலர் செய்வதில்லை. புஷ்ஷின் குறை அதில்தான் வெளிப்படும்.

வழுவழுப்புக்கு என்ன போடலாம்? எங்கள் மாவட்டத்தில் எதற்கும் தேங்காய் எண்ணெய்தான் மருந்து. என் பாட்டியும் அதையே சொன்னார். ஆனால் தேங்காய் எண்ணெய், வாசலின், மண்ணெண்ணெய், வண்டிக்குப் போடும் எண்ணெய் எதுவுமே ஆகாது. இயற்கை ரப்பர் எண்ணெயைக் குடித்து உப்பி, வலுவிழந்துவிடும். சிலிக்கோன் திரவம் நல்லது. இல்லாவிட்டால் வெறும் தண்ணீர் போதும், ரப்பரும் டெஃப்லானும் ஈரத்தில் நன்றாகவே வழுக்கும்.

என் சாட்டையில் இழை ஓடும் நீளம் ஒரு மீட்டருக்கும் குறைவு. முன்னே சொன்ன கணக்கின்படி குறுகிய இழை விறைக்கும் என்பதால் பொட்டலத்தில் இருந்த மெல்லிய 4-ஆம் எண்ணையே போட்டேன். ஊர்க் குளத்தில் மண்புழுவைக் கோத்துப் போட்டபோது ஜிலேபிக் கெண்டைதான் முதலில் மாட்டியது. கையளவு மீன். நுனியிலிருந்து சிவப்பு இழை ஒரு முழம் வெளியே வந்து, நின்று, திரும்ப உள்ளே போயிற்று. பக்கத்தில் மூங்கில் கம்போடு நின்ற சிறுவன் அதே அளவு மீனை ஒரே வீச்சில் கரையில் போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். அவனுக்கு அது இரவுக் குழம்பு. தடித்த நரம்பும், வளைகிற மூங்கிலும், வீட்டுக்குக் கொண்டுபோகப் போகும் மீனும் இருக்கும்போது ரப்பர் இழை தேவையில்லை என்றே நானும் கருதுகிறேன். மெல்லிய நரம்பு, விறைத்த கோல், திருப்பி விட வேண்டிய மீன் ஆகிய மூன்றும் சேரும் இடத்தில்தான் இதற்கு வேலை. அங்கேயும் மிக மெல்லிய இழையைப் போட்டுப் பெரிய மீனோடு அரைமணி நேரம் விளையாடுவது திறமையன்று. அவ்வளவு களைத்த மீன், விட்ட பிறகும் பிழைப்பது அரிது. நரம்பு அறுந்தால் முள்ளோடு போகும் மீனின் கதியும் அதுவே. எண்ணைத் தேர்ந்தெடுப்பது ஒரு உயிரைப் பற்றிய முடிவு.

இன்னொரு உயிரும் இதில் இருக்கிறது. அது தூண்டில் பிடிப்பவனுடையது. பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட்டைப்போல் கார்பன் இழையும் மின்சாரத்தைக் கடத்தும். ஈரக் கையோடு 13 மீட்டர் கார்பன் கோலை நிமிர்த்துகிறவன் மின்கம்பியை அண்ணாந்து பார்க்காமல் நிமிர்த்தினால் அவ்வளவுதான். இங்கிலாந்தில் இப்படி இறந்தவர்கள் உண்டு. 11,000 வோல்ட் கம்பியைத் தொடக்கூட வேண்டியதில்லை; போதிய அளவு நெருங்கினாலே மின்சாரம் தாவும். மேலே செல்லும் கம்பியிலிருந்து 30 மீட்டருக்குள் தூண்டில் போடாதே என்று அங்கே நீர்நிலைகளின் கரையில் எச்சரிக்கிறார்கள். நம் ஊர்க் குளக்கரைகளின் மீதும் அதே 11,000 வோல்ட் கம்பிகள்தாம் செல்கின்றன. கம்பி செல்லும் கரையை விட்டு எதிர்க்கரைக்குப் போய்விடுவதே என் வழக்கம்.

இழைக்கும் ஆயுள் உண்டு. வெயிலும், காற்றில் உள்ள ஓசோனும் ரப்பரின் பகைவர்கள். இழுத்துப் பார்க்கும்போது நிறம் மங்கிய இடமோ, குறுக்கே மயிரிழை வெடிப்போ தெரிந்தால் அந்த இழையை நம்பக் கூடாது. ரப்பரில் ஒரு சிறு வெட்டு விழுந்தால் இழுக்க இழுக்க அது வளரும். பால் வெட்டுகிறவர்கள் வீட்டில் வளர்ந்த எனக்கு, வெயிலில் கிடந்த ஒட்டுப்பால் எப்படிக் கெட்டுப்போகும் என்பது சிறுவயதிலேயே தெரியும். மாற்றுவது மாட்டுவதைவிட எளிது. கனெக்டரை நீக்கி, பழைய இழையின் நுனியில் புது இழையைக் கட்டி, தக்கை இருக்கும் அடிப்பக்கமாக இழுத்தால் பழையது வெளியே வர, புதியது தானாகவே உள்ளே போய்விடும். முடிச்சைச் சிறியதாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் புஷ்ஷில் நின்றுவிடும். நான் கழற்றிய பழைய இழையில் வெடிப்பில்லாத பகுதியை என் தங்கை நறுக்கி எடுத்துக்கொண்டாள். அவளுடைய பத்தாம் வகுப்புப் புத்தகக் கட்டை இப்போது அதுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது.